தழைக்கு மேலே வைத்த கம்பு

நாகலெட்சுமி ஐந்தடி ஒன்பது அங்குலம். தேயிலைத் தோட்டத்தில் இது ஒரு வேண்டாத உயரம். இடுப்பளவுச் செடியில் கொழுந்து கிள்ளுகிறவளுக்குக் குள்ளமாக இருப்பதுதான் சுகம். நாகலெட்சுமி பகல் முழுக்கக் குனிந்து வேலை செய்துவிட்டு, சாயங்காலம் நிமிர்ந்தால் லயத்துக் காம்பராவின் வாசல் நிலை தலையில் இடிக்கும். வேலையாட்களுக்கென்று வெள்ளைக்காரன் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள்தான் லயம். தன் பங்களாவுக்கு யானை நுழைகிற அளவில் கதவு வைத்த மனுஷன், வேலையாட்கள் குனிந்தே போய்வரட்டும் என்று நினைத்தானோ என்னவோ, அவர்களுக்கு ஐந்தரை அடியில் நிலை வைத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான்.

அந்தத் தோட்டத்துக்கு நல்ல இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. ஆனால் ராகலையில் பஸ் ஏறிக் ‘கல்லுப்பாலம்’ என்று சொன்னால்தான் கொண்டக்டருக்குப் புரியும். கல்லுப்பாலத்துக்குக் கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே லயத்தார் நாகலெட்சுமிக்குத் ‘தந்தி மரம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். புருஷன் அழகுமுத்து அவளைவிட நாலு விரல் குறைவு. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற வேலை. கேலி செய்கிறவர்களிடம், “எனக்கென்னப்பா, மழை பேஞ்சா மொதல்ல அவ தலையிலதான் விழும்” என்று அவனும் சேர்ந்து சிரிப்பான். இரண்டு பேருக்கும் ஒரே மகள் நிலக்ஷி. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். குறை என்று சொல்ல நாகலெட்சுமிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. தலை இடிக்காத வாசல் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு அதற்கு வழி பிறந்தது. ஐந்தாம் நம்பர் மலையின் அடிவாரத்தில் இருபத்திரண்டு குடும்பங்களுக்கு ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம், அதில் தனி வீடு என்று பேச்சு வந்தது. தோட்டத்தில் ‘மலை’ என்றால் தேயிலை நட்ட ஒரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. வீடு கட்டுவதற்கு முன்னால் அந்த மலையை அளக்க வேண்டும் என்று நுவரெலியாவிலிருந்து ஒரு நில அளவையாளர் வந்தார். பெயர் அம்பலவாணர். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போடுகிறவர். முக்காலியில் நிறுத்திய கருவியை அவர் பார்த்துக்கொள்வார். எதிரே ஒரு ஆள் கண்ணாடி பொருத்திய கம்பை ஒவ்வோர் இடமாக ஊன்றி அசையாமல் பிடிக்க வேண்டும். கருவியிலிருந்து போகிற ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பினால், அந்த இடம் எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம் என்று இலக்கமாக விழும்.

முதல் நாள் இரண்டு இளவட்டங்களைக் கம்பு பிடிக்க அனுப்பினார்கள். ஒருவன் பீடி பற்றவைக்கக் கம்பைச் சாய்த்தான். மற்றவன் கீழே போன பெண்களைப் பார்க்கச் சாய்த்தான். மத்தியானத்துக்குள் அம்பலவாணர் இருவரையும் திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது நாகலெட்சுமிக்குத் தோள் பிசகிக் கூடை சுமக்க முடியாமல் இருந்தது. சும்மா இருக்கிறவளை அனுப்புவோமே என்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா அவளை அனுப்பினார். கம்பின் இடுப்பில் ஒரு சிறு நீர்க்குமிழி இருக்கும். அது வட்டத்துக்கு நடுவில் நின்றால்தான் கம்பு நேர். நாகலெட்சுமி கையில் குமிழி ஆணி அடித்த மாதிரி நின்றது.

“இப்பிடி ஒரு ஆளைத்தான் நான் இருவது வரியமாத் தேடினனான்” என்றார் அம்பலவாணர்.

ஐந்தாம் மலை, அதை ஒட்டிய ஆறாம் மலை, பாறை, மதகு, லயத்துப் பின்பக்கம் என்று பத்து நாளில் ஆயிரத்து இருநூறு இடத்தில் அவள் கம்பு ஊன்றினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் உயரம் ஒரு காரியத்துக்கு உதவியது. மலை மடிப்புக்கு மேலே அவள் தலை தெரிந்தால், ‘ஆ, அங்கே நிக்கிறா’ என்று அம்பலவாணர் கருவியைத் திருப்புவார். அந்தப் பத்து நாளும் அவள் நிமிர்ந்தே நின்றாள்.

பிறகு நிலம் பிரித்தார்கள். நாகலெட்சுமி பத்தொன்பதாம் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அது மலையின் ஓரத்தில், லயத்துக்குப் பின்னால், அவள் பத்து வருஷமாகப் போஞ்சிக்காய் போட்டுவந்த கறித்தோட்டம். பக்கத்துப் பதினெட்டாம் துண்டு, லயத்திலும் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற வேலாயிக்கு. வேலாயி வாய் நீளம், மனசும் நீளம். கட்டட வேலை ஆமை வேகத்தில் நடந்து, இரண்டாயிரத்து ஏழில் சுவர் எழும்பியது. நாகலெட்சுமி மேசனிடம் ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள்: வாசல் நிலை ஆறரை அடி. நிலை வைத்த அன்று அவள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாகப் பத்துத் தடவை நடந்தாள்.

“போதும் அக்கா, வாசப்படி தேஞ்சிறப் போகுது” என்றாள் வேலாயி.

அந்த வருஷ ஆரம்பத்தில் வலப்பனைப் பக்கம் மண் சரிந்து ஆட்கள் செத்துப் போனார்கள். மலைநாடு முழுக்க ஒரு பயம் பிடித்தது. மலையடிவாரத்தில் எங்கே வீடு கட்டினாலும் மறுபடி அளந்து பார் என்று உத்தரவு வந்தது. அம்பலவாணர் திரும்பி வந்தார். புதுக் கருவி, புது மடிக்கணினி, அதே இரண்டு ஸ்வெட்டர். “கம்பு நாகலெட்சுமிதான் பிடிக்க வேணும்” என்று எழுத்திலேயே கேட்டிருந்தார். இந்தத் தடவை புள்ளிகள் நாலாயிரம்.

மூன்றாம் வார முடிவில் ஒரு கடிதம் வந்தது. ஐந்தாம் நம்பர் மலை மூன்று வருஷத்தில் சராசரி பதினேழு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. மண் சரியும் அபாயம். இருபத்திரண்டு வீட்டு வேலையும் உடனே நிறுத்தப்பட வேண்டும். வேறு இடம் தருவார்களா என்று கடிதத்தில் ஒரு வரி கிடையாது. நல்லது நடக்கிற கடிதங்கள் ராகலைத் தபால்கந்தோரிலேயே தூங்கிக் கிடக்கும். இந்த மாதிரிக் கடிதங்களுக்கு மட்டும் எங்கிருந்துதான் கால் முளைக்குமோ! அன்று லயத்தில் பாதி வீட்டில் அடுப்பு எரியவில்லை.

நாகலெட்சுமி அழவில்லை, அவளுக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் காலையில் நேரே பழைய வாசிகசாலைக்குப் போனாள். அம்பலவாணர் அங்கேதான் மேசை போட்டிருந்தார். அவரும் முகம் வாடித்தான் இருந்தார். கடிதம் எழுதியது மேலிடம்; இவர் அனுப்பியது படம் மட்டும்.

“அந்தப் படத்தக் காட்டுங்க சார். எங்க வீட்டத் தின்ன படத்த நானும் பாக்கணும்.”

அவர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். இறங்கின இடமெல்லாம் சிவப்பு. ஐந்தாம் மலை முழுக்க ஒரே சிவப்பு.

“நீங்கள் ஊண்டின புள்ளியள் தனித்தனி. ரெண்டு புள்ளிக்கு நடுவில என்ன இருக்கெண்டு கருவிக்குத் தெரியாது. புள்ளிக்கு மேல ஒரு துணி விரிக்கிற மாதிரி இது தானா விரிச்சுப் பாக்குது. ரெண்டாயிரத்து நாலுத் துணியையும் இந்த வரியத் துணியையும் ஒண்டுக்கு மேல ஒண்டு போட்டன். இந்த வரியத் துணி கீழ கிடக்கு.”

நாகலெட்சுமி படத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் அந்த மலையின் ஒவ்வொரு மடிப்பும் காலுக்குத் தெரியும். சிவப்பு கீழே ரோட்டோடு நின்றது. மேலே பெரிய கானோடு நின்றது. கான் என்பது மழைத்தண்ணீர் ஓட மலையில் வெட்டின வாய்க்கால். பக்கவாட்டில் ஐந்தாம் மலைக்கும் ஆறாம் மலைக்கும் நடுவில் ஓடும் நடைபாதையோடு நின்றது, கத்தியால் வெட்டின மாதிரி. ஆறாம் மலையில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

“சார், மலை சரியிறதுக்கு நம்பர் தெரியுமாங்க?”

“என்ன?”

“அஞ்சாம் நம்பர் மட்டும் எறங்கியிருக்கு. ஆறாம் நம்பர் எறங்கல. ரெண்டுக்கும் நடுவுல ஒத்தையடிப் பாததான் இருக்கு. மண்ணு கணக்கப்பிள்ளையக் கேட்டுக்கிட்டா எறங்கும்?”

அம்பலவாணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். நடைபாதைக் கோட்டின் மேலே விரலை ஓட்டிப் பார்த்தார். “அது... ஓம்... அது ஞாயம்தான்” என்றார் கடைசியில். “அஞ்சுக்கும் ஆறுக்கும் வேற என்ன வித்தியாசம்? யோசியுங்கோ.”

நாகலெட்சுமிக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கேள்வி அவர் வாயை விட்டு வரும்போதே பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை தேயிலைச் செடியை அடியோடு கழித்துவிடுவார்கள். கவ்வாத்து என்று பெயர். தடித்த குச்சிகளை விறகுக்குக் கொண்டுபோன பிறகு, சின்னக் கிளையும் தழையும் நிரை நடுவே மெத்தை போலப் பரப்பிக் கிடக்கும். மண் காயாமல் இருக்க, உரமாக மக்க, அது அப்படியே கிடக்க வேண்டும். அதை யாராவது காலால் ஒதுக்கினால் கங்காணிக்குச் சாமி வந்துவிடும். நாகலெட்சுமிக்குப் பதினெட்டு வயதில் ஒரு நாள், கால் வைக்க இடம் தேடித் தழையைத் தள்ளிவிட்டதற்காக முழு நாள் வேலைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் போட்டார்கள். அன்று முதல் அவள் தழையை மிதித்ததுண்டே தவிர, விலக்கியதே இல்லை. கவ்வாத்து மலையில் கொழுந்தெடுத்த எந்தப் பொம்பிளையும் அப்படித்தான்.

இரண்டாயிரத்து நாலில் அம்பலவாணர் வந்தபோது, ஐந்தாம் மலை கவ்வாத்து முடிந்து ஒரு மாசம்தான். ஆறாம் மலையில் கவ்வாத்து இல்லை. நாகலெட்சுமி கம்பை ஊன்றினது மண்ணில் இல்லை, தழைக்கு மேலே. குமிழி நேராகத்தான் நின்றது. கம்புதான் மெத்தையில் நின்றது. மூன்று வருஷத்தில் தழை மக்கி மண்ணோடு மண்ணாகிவிட்டது. மலை எங்கேயும் போகவில்லை.

இதைச் சொன்னால் இருபத்திரண்டு வீடும் பிழைக்கும். சொன்னால், ‘இப்படி ஓர் ஆளைத்தான் தேடினேன்’ என்ற மனுஷர் முகத்தில் எப்படி முழிப்பது? கல்லுப்பாலத்தில் ஒருத்தி நிமிர்ந்து நின்று செய்த ஒரே வேலை அது. அதுவும் பிழை என்றால்? அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அழகுமுத்துவிடம் சொன்னாள்.

அவன் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான். “ஒனக்கு யாராச்சும் தழைய ஒதுக்கச் சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்பொறம் ஒனக்கு என்ன வெக்கம்? அரைப்பேரு போட்டவனுக்குல்ல வெக்கம் வரணும். போயி சொல்லு.”

விடிந்ததும் போய்ச் சொன்னாள். அம்பலவாணர் திட்டுவார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்து சிரித்த சிரிப்பில், வெளியே நின்ற நாய் குரைத்தது. பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். “பிழை என்ரதும்தான். எதுக்கு மேல வைக்கிறியள் எண்டு நான் ஒருக்காலும் கேக்கேல்லையே. எங்கட ஊரில தரை எண்டாத் தரைதான்.” என்றாலும் மேலிடத்துக்கு ‘தழை’ என்று ஒரு சொல்லை எழுதி அனுப்பினால் போதாது. எந்தப் பிழை எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்றார்.

அந்த வாரம் முழுக்க அவர்கள் பிழைகளைப் பிரித்தார்கள். அரிசியில் கல்லும் நெல்லும் உமியும் பொறுக்குகிற வேலைதான். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட வேண்டும்.

முதலில் கருவியின் பிழை. மதகின் சீமெந்துக் கட்டு, பெரிய பாறை, கோயில் வாசல் கருங்கல் என்று அசையாத இடங்களில் மறுபடி அளந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முந்திய இலக்கத்துக்கும் இதற்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. “கருவியிலயும் பிழையில்லை, உங்கட கையிலயும் பிழையில்லை” என்றார் அம்பலவாணர். இரண்டாவது சொன்னது அவளுக்கு இனித்தது.

அடுத்தது துணியின் பிழை. முதல் தடவை பத்தடிக்கு ஒரு புள்ளி என்றில்லாமல் முப்பதடிக்கு ஒன்றுதான் வைத்திருந்தார்கள். கானுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி விழுந்தால், துணி கானின் மேலே விறைப்பாகக் கிடக்கும். உள்ளே பள்ளம் இருப்பது அதற்குத் தெரியாது. இந்தத் தடவை நெருக்கமாக வைத்ததால் பள்ளம் தெரிந்தது. அதைப் போய் ‘இறங்கிவிட்டது’ என்று படம் சொல்லியிருந்தது. நாகலெட்சுமி இடுப்பில் கட்டும் படங்குத் துணியை அவிழ்த்து, நாலு செடிக்கு மேலே விரித்துப் பார்த்துவிட்டு, “அட, இம்புட்டுத்தானா!” என்றாள். கானோரத்துச் சிவப்பெல்லாம் நீலமாக மாறியது.

கடைசியில் தழை. எட்டாம் மலையில் அந்த மாசம்தான் கவ்வாத்து முடிந்திருந்தது. அங்கே நாற்பது இடத்தில், தழைக்கு மேலே ஒரு தடவை, தழையை விலக்கி மண்ணில் ஒரு தடவை என்று அளந்தார்கள். முதல் இடத்தில் தழையை விலக்கக் குனிந்தவள் கையை இழுத்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தாள். கங்காணி தூரத்தில் நின்று முறைத்தான். “தொரைக்கிட்ட எழுத்தில கேட்டு வாங்கியிருக்கு, நீங்கள் தள்ளுங்கோ” என்றார் அம்பலவாணர். இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு நாகலெட்சுமி இரண்டு கையாலும் தழையை அள்ளி எறிந்தாள். அப்படி ஒரு நிம்மதியை அவள் எதிர்பார்க்கவே இல்லை.

நாற்பது இடத்தின் சராசரி பதினாறு. ஆனால் ஒரே மாதிரி இல்லை. மெல்லிய இடத்தில் ஒன்பது, தடித்த இடத்தில் இருபத்திநாலு. ஆகவே ஒன்பதிலிருந்து இருபத்திநாலுக்குள் எது இறங்கியிருந்தாலும் அதைத் தழை என்று சொல்லலாம். அதற்குள் மண்ணும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் இந்தப் படத்துக்குத் தெரியாது. “தெரியாததைத் தெரியாது எண்டே எழுதுவம். மலை நகருதெண்டா மரம் சாயும், கான் வளையும், மண் வெடிக்கும். அதை நடந்து பாப்பம்” என்றார். நடந்து பார்த்தார்கள். மரம் சாயவில்லை, கான் வளையவில்லை. ஐந்தாம் மலை முழுக்க மஞ்சளாக மாறியது. மஞ்சள் என்றால் தழை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்பலவாணர் படத்தை அவளுக்குக் காட்டினார். கருவிக்குப் பச்சை, துணிக்கு நீலம், தழைக்கு மஞ்சள். சிவப்பு எங்கேயும் இல்லை. லயத்தில் அதற்குள் செய்தி போய்விட்டது. வேலாயி ரொட்டி சுட்டுப் பங்குபோட்டுக்கொண்டிருந்தாள்.

நாகலெட்சுமி சந்தோஷமாகத்தான் பார்த்தாள். பிறகு அவள் விரல் மலையின் ஓரத்தில் ஓரிடத்தில் போய் நின்றது.

“இந்த எடத்துல எவ்வளவுங்க?”

“புள்ளி நம்பர் அறுநூற்றுப் பதினொண்டு, பன்னிரண்டு, பதின்மூண்டு. இருவத்தொண்டு எறங்கியிருக்கு. தழைக் கணக்குக்குள்ள வருது. மஞ்சள்.”

அது பத்தொன்பதாம் துண்டு. இரண்டாயிரத்து நாலில் அங்கே தழை இல்லை. அது தேயிலை இல்லாத இடம், அவளே கொத்திச் சுத்தம் செய்த போஞ்சிப் பாத்தி. கொத்தின மண் தானாகவே கொஞ்சம் அமுங்கும், அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் நடுப் புள்ளியை அவள் மண்ணில் வைக்கவில்லை. பாத்தி நடுவே மண்வெட்டி தீட்டுகிற ஒரு கல் இருந்தது. ஆழப் புதைந்த பெரிய கல், தலை மட்டும் வெளியே. கம்பு மண்ணில் அழுந்துகிறதே என்று அதன் மேலே வைத்தாள். கல் இப்போது வீட்டின் பின்சுவரை ஒட்டிக் கிடந்தது; இந்தத் தடவையும் அதன் மேலேதான் வைத்தாள். கல் மக்காது. கல் அமுங்காது. கல் இருபத்தொரு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்றால், அதைச் சுமக்கிற நிலம் இறங்கியிருக்கிறது.

அம்பலவாணரின் இலக்கங்களில் கல் என்று எழுதியிருக்கவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு என்றுதான் இருந்தது. அது கல் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆறரை அடி நிலை அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது. இன்னும் பத்து நாளில் கூரைத் தகரம் ஏறும். வாயை மூடிக்கொண்டு ரொட்டி சாப்பிடப் போனால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. இருபத்தொன்று இருபத்திநாலுக்குள் அடங்குகிறதே! படித்தவரே மஞ்சள் என்கிறாரே! அவள் இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். இதற்கு முன் எந்தக் காரியத்திலும் அவள் மனம் அப்படி அலைந்ததில்லை.

“சார், அந்த எடத்துக்கு மஞ்சள் போடாதீங்க. அங்க தழை இல்ல. அது கல்லு.”

அம்பலவாணர் கேட்டார், திருப்பித் திருப்பிக் கேட்டார். இருவரும் எழுந்துபோய்க் கல்லின் மேலே மறுபடி கம்பு வைத்தார்கள். குமிழி நடுவில் நின்றது. அதே இலக்கம்தான் விழுந்தது. சுற்றிவரத் தேடியதில், பத்தொன்பதாம் வீட்டுக்குப் பின்னால் புல்லுக்குள்ளே பிறைவடிவில் ஒரு மெல்லிய வெடிப்பும் தெரிந்தது.

“பிள்ளை, இது உங்கட வீடல்லோ” என்றார் அவர்.

“ஆமாங்க. அதுக்காக எறங்குன கல்லு மேல ஏறிடுமாங்க?”

இருபத்திரண்டு வீட்டில் மூன்றைத் தவிர மற்றதெல்லாவற்றுக்கும் அனுமதி வந்தது. பதினெட்டாம், பத்தொன்பதாம், இருபதாம் துண்டுகளுக்கு இல்லை. இருபதாம் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், தலைவிதி என்று விட்டுவிட்டார். வேலாயி விடவில்லை. “தன் வீட்டப் புடுங்கிக்கிட்டா சரி, என் வீட்டையும் சேத்துல்ல புடுங்கிட்டா! அளந்தவரே சும்மா இருக்காரு, இவளுக்கென்ன வந்துச்சு?” என்று லயம் கேட்கச் சத்தம் போட்டாள். அன்றோடு பேச்சை நிறுத்தினாள். பேசாத வேலாயியைத் தாங்குவது பேசுகிற வேலாயியைத் தாங்குவதைவிடக் கஷ்டம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பானை சட்டிகள்தான் பேசும், அதுவும் காலை ஐந்து மணிக்கே. நாகலெட்சுமிக்கு வலித்தது. ஆனால் சொல்லியிருக்க வேண்டாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

அழகுமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், சுவரிலிருந்து அந்த ஆறரை அடி நிலையை மட்டும் கழற்றித் தோளில் தூக்கி வந்தான். லயத்துக் காம்பராவுக்குள் அது நிமிர்ந்து நிற்க இடமில்லை. படுக்கவைத்து அதன் மேலே துணி காயப்போட்டார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடாமல் ஒன்பது நாள். பத்தாம் நாள் காலையில் கொழுந்துக்குப் போன பெண்கள் கூச்சல் போட்டார்கள். பத்தொன்பதாம் வீட்டின் பின்சுவர் கல்லோடு சேர்ந்து ஆளுயரத்துக்குக் கீழே போயிருந்தது. பதினெட்டாம் வீடு நடுவால் பிளந்து, வேலாயி அடுப்புக்கென்று கட்டியிருந்த மேடை பள்ளத்துக்குள் கிடந்தது. ஆறாவது வீடு, பத்தாவது வீடு, மஞ்சள் நிலத்தில் நின்ற எல்லா வீட்டிலும் புகை போய்க்கொண்டிருந்தது. ஒரு விரிசல் இல்லை. வேலாயி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அந்த மேடையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு லயத்துக்குத் திரும்பினாள். மறுநாள் காலையில் பானை சட்டிகள் பேசவில்லை.

அடுத்த தை மாசம் மூன்று குடும்பத்துக்கும் ஆறாம் மலையின் ஓரத்தில் இடம் பிரித்தார்கள். சவுக்கு மரங்களுக்கு அடியில், இலைச்சருகு மூடிக் கிடந்த தரை. அம்பலவாணரும் வந்திருந்தார். மேசன் எல்லை ஆப்பை வைத்துச் சுத்தியலை ஓங்கினான்.

“நிப்பாட்டுங்க மேசன்” என்றாள் வேலாயி. ஆறு மாசத்துக்குப் பிறகு நாகலெட்சுமியின் முகத்தைப் பார்த்தாள். “எங்க எடத்துல அக்கா மொதல்ல கம்பு வச்சுப் பாக்கட்டும். அவுங்க சரின்னு சொன்னாத்தான் ஆப்பு.”

நாகலெட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அம்பலவாணரிடம் கம்பை வாங்கிக்கொண்டு வந்தாள். உடனே ஊன்றவில்லை. அந்த நெடிய உடம்பை வளைத்துக் குனிந்து, சருகை இரண்டு கையாலும் ஒதுக்கினாள். கீழே ஈர மண் தெரிந்தது. அதில் கம்பை வைத்து நிமிர்ந்தாள்.